மொடல் வேலை பற்றிக் கேட்டீர்கள்

சென்ற இதழின் தையல் பக்கத்தில், உடுப்பு மொடலாக வேலை செய்ய விரும்புகிறவர்கள் கேள்விகளை அனுப்பலாம் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். கடிதமும் வட்ஸ்அப் குரல் பதிவுமாக வந்து நிறைந்துவிட்டன. என்னைத் தெரியாதவர்களுக்காக: கிளிநொச்சியில் தையல் நிலையம் வைத்திருக்கிறேன். அதற்கு முன் சாறிக் கடைகளின் படங்களுக்கும், பிறகு ஒரு காமென்ட்ஸின் சாம்பிள் அறையிலும் மொடலாக நின்றவள். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன், ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

அக்கா, எனக்கு 19 வயது. ஏ.எல் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறேன். மொடலாக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. உயரம் 5 அடி 3 அங்குலம், நிறம் கறுப்பு. "உன்னை ஆர் படமெடுக்கப் போறாங்கள்" என்று அண்ணா சிரிக்கிறான். எனக்கு இது சரிவருமா?
– ச., பரந்தன்

தங்கச்சி, உயரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் பொய் சொல்லி உங்களை அலையவிட எனக்கு மனமில்லை. பெரிய மேடைகளில் உடுப்புப் போட்டு நடக்கிற பெண்களுக்குப் பொதுவாக 5 அடி 8 அங்குலமாவது கேட்பார்கள், ஆண்களுக்கு ஆறடியை ஒட்டி. வடிவமைப்பாளர் ஒரே அளவில் தைத்து வைத்த உடுப்பை எந்தப் பிள்ளை வந்தாலும் போட்டு அனுப்ப வேண்டும், அதுதான் காரணம். 2003 இல் தொடங்கிய கொழும்பு பேஷன் வீக் போன்ற மேடைகளிலும் உயரம்தான் முதலில் பார்ப்பார்கள். அந்தக் கதவைத் தட்டிக்கொண்டு வருடங்களைப் போக்காதீர்கள்.

ஆனால் மேடை இந்த வேலையில் ஒரு சின்னப் பங்குதான். படத்துக்கு நிற்கிற வேலைதான் நிறைய. சாறி, சல்வார், சாமத்தியவீட்டு உடுப்பு, கந்தோருக்குப் போடுகிற சட்டை, இரவு உடுப்பு என்று எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். முகநூலில் உடுப்பு விற்கிற பிள்ளைகள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குகிற பெண்ணும் உங்கள் உயரம்தான். அந்தச் சட்டை தன் முழங்காலுக்கு மேலே நிற்குமா, கீழே இறங்குமா என்று பார்க்கத்தான் அவள் படத்தைத் திறக்கிறாள். ஐந்தே முக்கால் அடிப் பெண்ணில் பார்த்தால் அவளுக்கு அது தெரியாது.

நிறத்துக்கு வருகிறேன். சூடானில் சண்டைக்குள் வளர்ந்து, ஊரைவிட்டு ஓடி லண்டனுக்குப் போன அலெக் வெக்கை 1995 இல் ஒரு திறந்தவெளிச் சந்தையில் வைத்துத்தான் மொடல் ஏஜென்சிக்காரர் கண்டுபிடித்தார்கள். 1997 இல் அமெரிக்காவின் 'எல்' சஞ்சிகை அட்டையில் அந்தக் கறுப்பு முகம் வந்தது. கென்யாவின் ககுமா அகதி முகாமில் சிறுவயதைக் கழித்த அடுட் அகெச், 2019 இல் பிரித்தானியாவின் ஆண்டுச் சிறந்த மொடல் விருதை வாங்கினார். முகாம் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இந்த இரண்டு பேரின் படத்தையும் அண்ணாவுக்குக் காட்டுங்கள்.

இங்கே நிலைமை அவ்வளவு நல்லதில்லை, அதையும் சொல்ல வேண்டும். கடைக்காரர் "கொஞ்சம் வெள்ளைப் பிள்ளையா பாருங்கோ" என்பார். படம் எடுக்கிற தம்பி யாரையும் கேட்காமலே கணினியில் முகத்தை வெளுத்துவிடுவார். நீதி நியாயம் சொல்லி அவர்களை மாற்ற என்னால் முடியவில்லை, வியாபாரம் சொல்லித்தான் முடிந்தது. முகத்தை வெளுக்கப் படத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் சாறியின் நிறமும் கூடவே ஓடிவிடும். அரக்கு நிறச் சாறி படத்தில் சிவப்பாக நிற்கும். வாங்கிய பெண் வீட்டில் பார்சலைப் பிரித்துவிட்டு, "நான் கேட்டது இது இல்லை" என்று திருப்பி அனுப்புவாள். ஒரு கடைக்காரரின் மேசையில் சாறியையும் அதன் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினேன். அதன் பிறகு என் முகத்தில் கைவைக்க அவர் யாரையும் விடவில்லை. வெளுக்கிற கிரீம் பக்கம் மட்டும் போகாதீர்கள் தங்கச்சி. பாதரசம் கலந்த கிரீம்கள் சந்தையில் இருக்கின்றன. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எப்படிச் சேர்வது என்று எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள், சேர்ந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் இங்கேயே சொல்கிறேன். கடை திறக்குமுன் படமெடுத்து முடிக்க வேண்டும் என்று விடியவே வரச் சொல்வார்கள். ஒரு நாளில் முப்பது, நாற்பது உடுப்பு மாற்ற வேண்டி வரும். எல்லாம் விற்கப்போகிற உடுப்பு. விலைச் சீட்டை வெட்டக்கூடாது, உள்ளே மடித்துவிட வேண்டும். தலைவழியாகப் போடுகிற சட்டை என்றால் முகத்தின்மேல் மெல்லிய துணியொன்றைப் போட்டுக்கொண்டுதான் போட வேண்டும். கழுத்துப் பட்டியில் பவுடரோ லிப்ஸ்டிக்கோ பிரண்டால் அந்தச் சட்டையை யாரும் வாங்கமாட்டார்கள். சட்டை பெரிதாக இருந்தால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்குவார்கள். முன்னால் அளவாகத் தெரியும், பின்னால் கழுத்திலிருந்து இடுப்புவரை கிளிப் வரிசை. பட்டுச் சாறி கட்டினால் படம் முடியும்வரை கதிரையில் இருக்க முடியாது, கொய்யகம் நசிந்துவிடும். முந்தானை பறக்கும் என்று சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்துவார்கள். கடைசி உடுப்புக்கும் முதல் உடுப்புக்குச் சிரித்த மாதிரியே சிரிக்கிற பிள்ளையைத்தான் கடைக்காரர் மறுபடி கூப்பிடுவார்.

இதை மட்டும் நம்பி வன்னியில் இருந்து சீவிக்க முடியுமா என்றால், முடியாது. பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, நத்தார், கலியாண மாதங்கள் என்று அவற்றுக்கு முன்னால் வேலை குவியும். இடையில் மாதக் கணக்கில் ஒன்றும் இராது. ஆகவே கூடவே ஒரு கைத்தொழில் படியுங்கள். தையல், அழகுக்கலை, படமெடுப்பு, எதுவானாலும் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் கிடைக்கிற இடத்தில். தையல் தெரிந்த மொடலுக்குக் கடையில் மரியாதையே வேறு. எந்த இடத்தில் பின் குத்த வேண்டும் என்று அவளே சொல்லிவிடுவாள்.

என் மகளுக்கு 17 வயது. இன்ஸ்ராகிராமில் 'கொழும்பு மொடல் ஏஜென்சி' என்று ஒருவர் தொடர்புகொண்டு, தெரிவு செய்துவிட்டோம் என்கிறாராம். போட்டோ அல்பத்துக்கு 35,000 ரூபா கட்ட வேண்டுமாம். உடல் அளவு பார்க்க உள்ளாடையோடு படம் அனுப்ப வேண்டுமாம். நான் மறித்ததால் மகள் சாப்பிடாமல் அழுகிறாள். என்ன செய்வது?
– ஒரு தாய், முழங்காவில்

அம்மா, காசு கட்ட வேண்டாம். படம் அனுப்ப வேண்டாம். நீங்கள் மறித்தது சரி.

ஒழுங்கான ஏஜென்சி எப்படி நடக்கும் என்று மகளையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஏஜென்சி வேலை பிடித்துத் தரும். வேலை முடிந்து சம்பளம் வந்த பிறகு அதிலிருந்து தன் கொமிஷனை எடுக்கும். அது பெரும்பாலும் 20 வீதத்தை ஒட்டி இருக்கும். பிள்ளைக்குச் சம்பளம் வந்தால்தான் ஏஜென்சிக்கும் காசு வரும். ஆகவே உண்மையாக வேலை தரக்கூடியவர் உங்களிடம் முன்பணம் கேட்கத் தேவையில்லை. முன்பணம் கேட்கிறவருக்கு அந்த முன்பணம்தான் வியாபாரம்.

அளவு விடயமும் பொய். அளவை எடுப்பது அளவு நாடா. நெஞ்சு, இடை, இடுப்பு, உயரம், சப்பாத்து அளவு என்று ஐந்தாறு இலக்கங்களை எழுதி அனுப்பினால் போதும். முதலில் கேட்கப்படும் படங்களும் சாதாரணமானவைதான்: உடம்போடு நிற்கிற ரி-சேட், டெனிம், தலைமுடி பின்னால் கட்டி, முகப்பூச்சு இல்லாமல், சன்னல் வெளிச்சத்தில், வெறும் சுவருக்கு முன்னால். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், முகம் மட்டும். இதைப் போனில் நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். 35,000 ரூபா அல்பம் ஆரம்பத்தில் ஒரு பிள்ளைக்கும் தேவையில்லை.

இனி மகளிடம் மெதுவாக ஒன்றைக் கேளுங்கள்: ஏற்கெனவே ஏதும் படம் அனுப்பிவிட்டாளா? சத்தம் போட்டால் சொல்லமாட்டாள். அனுப்பியிருந்தால் அந்த உரையாடலை அழிக்க வேண்டாம், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் மிரட்டிக் காசு கேட்டாலும் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஒருமுறை கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பார். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் அப்படியான படம் கேட்பது குற்றம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அழைப்பதால் மகளின் பெயர் கெடாது. கெட வேண்டிய பெயர் வேறொருவருடையது.

இதே ஆட்கள் டுபாய், மலேசியா என்றும் கதைப்பார்கள். வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் விசாரிக்காமல் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

மகளின் ஆசையை வெட்டிவிட வேண்டாம், அம்மா. 18 ஆகும் வரை எந்தப் படப்பிடிப்புக்கும் நீங்களோ தமக்கையோ கூடப் போங்கள், கையெழுத்தும் நீங்கள் போடுங்கள். என்ன உடுப்புப் போடுவேன், எது போடமாட்டேன் என்பதை மகள் முதல்நாளே சொல்லட்டும். அமெரிக்காவில் ஹலிமா ஏடன் என்ற சோமாலியப் பெண், ஹிஜாப்பைக் கழற்றச் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவித்துத்தான் பெரிய ஏஜென்சியில் சேர்ந்தார். அந்த எல்லை மெல்ல மெல்ல மீறப்படுகிறது என்று கண்டபோது, 2020 இல் புகழின் உச்சியில் இருந்தும் விலகினார். அவ்வளவு பெரிய இடத்தில் அவர் "மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். கையில்லாத சட்டை போடமாட்டேன் என்று கிளிநொச்சிக் கடையில் சொல்ல உங்கள் மகளுக்கும் உரிமை இருக்கிறது.

வவுனியாவில் காமென்ட்ஸில் மெஷின் ஒப்பரேட்டராக இருக்கிறேன். சாம்பிள் ரூமுக்கு 'பிட் மொடல்' ஆக வரச் சொல்கிறார்கள். படம் ஒன்றும் எடுக்கமாட்டார்களாம். இதுவும் மொடல் வேலையா? போகலாமா?
– ம., வவுனியா

போங்கள்! இந்த வேலையைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். முகத்தை யாரும் பார்க்காத மொடல் வேலை இது. நான் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

வெளிநாட்டு வாங்குநர் ஓடரை உறுதிப்படுத்துமுன் ஒரு நடு அளவில் சாம்பிள் தைப்பார்கள். அந்த அளவுத் தாளில் உள்ள உடம்புக்குச் சரியாகப் பொருந்துகிறவள் பிட் மொடல். பொம்மையில் போட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். பொம்மை குனியாது, மூச்சு இழுக்காது, இருந்து எழும்பாது. "இருந்தால் பின்பக்கம் இறங்குது", "கழுத்துப்பட்டி தொண்டையில முட்டுது", "இந்தத் தையல் தோலை உரசுது" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் சோக்கால் கீறி, பின் குத்தி, துணி வெட்டுகிற மாதிரித் தாளான பெட்டர்னில் மாற்றுவார்கள். சரிவந்த அந்த ஒரு அளவிலிருந்துதான் சின்ன அளவும் பெரிய அளவும் கணக்கிட்டு எடுக்கப்படும். அதில் விட்ட பிழை ஆயிரக்கணக்கான உடுப்புகளில் போய் நிற்கும்.

ஒரு கொட்டன் சேட் நினைவில் இருக்கிறது. அளவுத் தாளில் எல்லா இலக்கமும் சரி, நேராக நின்றால் கண்ணாடியில் குறையே இல்லை. எனக்கு மட்டும் முதுகில் ஏதோ பிடித்தது. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கிற மாதிரி ஒரு கையை உயர்த்தி முன்னால் நீட்டினேன். முதுகுக் குறுக்கே துணி விறைத்தது, கீழ்ப் பொத்தான் இரண்டும் வாய் திறந்தன. பெட்டர்ன் பார்க்கிற அண்ணை ஒன்றும் பேசாமல் நாடாவை எடுத்து, தோள்பட்டைக்குக் கீழே முதுகுத் துண்டில் அரை அங்குலம் கூட்டினார். அந்த அரை அங்குலத்தோடு அந்தச் சேட் எந்தெந்த நாட்டுக்கெல்லாம் போயிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். மெஷினில் இருந்த உங்களுக்குத் தையல் எங்கே இழுக்கும் என்று ஏற்கெனவே தெரியும். அதனால்தான் உங்களைக் கேட்டிருக்கிறார்கள்.

ஒத்துக்கொள்ளுமுன் சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இந்த வேலைக்கென்று மேலதிகக் கொடுப்பனவு உண்டா? உள்ளாடை ஓடர் வந்தால் மறுக்கலாமா? அறைக்குள் யார் நிற்பார்கள், பெண்களா, போன்கள் வெளியே வைக்கப்படுமா? உடுப்பு மாற்ற மறைப்பு உண்டா? உடம்பு அளவு மாறினால், பிள்ளைத்தாச்சி ஆனால், பழைய வேலைக்குத் திரும்பலாமா? கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம். அளவு ஒன்றிரண்டு அங்குலம் மாறினாலே பிட் மொடலாக நிற்க முடியாது.

நீங்கள் நிறுவனத்தின் ஊழியராகவே இருக்கிறீர்கள் என்பது பெரிய விடயம். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், அவர்கள் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு அவர்கள் இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். சாறிக் கடைப் படத்துக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு இதில் ஒன்றும் இல்லை. சாம்பிள் அறையில் நிற்கும்போது பெட்டர்ன், தர மேற்பார்வை எல்லாம் கண்ணால் படிக்கலாம். அங்கேயிருந்து மேலே போகிற வழி மெஷின் வரிசையைவிடக் கிட்ட. ஏ.எல் படிக்கிற தங்கச்சிமார் வீட்டில் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்: ஆடைத் தொழில்நுட்பத்துக்கும் ஆடை வடிவமைப்புக்கும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது.

மெலிந்தால்தான் வாய்ப்பு வரும் என்று ஒரு நேரம் மட்டும் சாப்பிடுகிறேன். தலை சுற்றுகிறது. எத்தனை கிலோ இருக்க வேண்டும்?
– பெயர் வேண்டாம், மல்லாவி

இன்றைக்கு மூன்று நேரமும் சாப்பிடுங்கள். நாளைக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதியுங்கள்.

2006 இல் உருகுவே நாட்டு மொடல் லுய்செல் ராமோஸ் மேடையில் நடந்துவிட்டு வந்து விழுந்து இறந்தார். 22 வயது. அதே ஆண்டு பிரேசிலில் 21 வயது ஆனா கரொலினா ரெஸ்டன் சாப்பாட்டைத் தவிர்க்கும் நோயால் இறந்தார். அதற்குப் பிறகுதான் உலகம் கொஞ்சம் விழித்தது. உடல் நிறைச் சுட்டி (உயரத்தோடு எடையை ஒப்பிடுகிற கணக்கு) 18.5 இற்குக் குறைந்தவர்களை விளம்பரத்தில் நிறுத்துவதற்கு எதிராக இஸ்ரேல் 2012 இல் சட்டம் இயற்றியது. பிரான்சில் 2017 இலிருந்து மொடலாக நிற்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும், உடம்பை மெலிவித்தோ பருமனாக்கியோ திருத்திய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்டது' என்று எழுதவும் வேண்டும். நீங்கள் பார்த்து ஏங்குகிற படங்களில் எத்தனை அப்படித் திருத்தியவை என்று யோசியுங்கள்.

இங்கே கடைக்காரருக்கு எல்லா அளவிலும் உடுப்பு விற்க வேண்டும். எக்ஸ்எல் சட்டைக்கு நிற்க ஆள் கிடைக்காமல் அவர்கள் திண்டாடுவதை நான் பார்த்திருக்கிறேன். 2009 இல் ஒரு கரண்டி கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனத்தின் பிள்ளை நீங்கள். சோறு இருக்கிற வீட்டில் பட்டினி கிடக்காதீர்கள், தங்கச்சி.

எனக்குச் சின்ன வயதில் செல் விழுந்து வலது காலில் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் கால் போட்டிருக்கிறேன். உயரம் ஆறடி, சேட் களுசானோடு வடிவாக இருக்கிறேன் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு கடையில் மொடலாக நிற்கக் கேட்டேன். "பாவம் தம்பி, ஏதும் உதவி விளம்பரம் வந்தால் சொல்லுறன்" என்றார். நான் கேட்டது பிழையா?
– க., புதுக்குடியிருப்பு

தம்பி, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கனநேரம் வேறு வேலை செய்ய முடியவில்லை. நீங்கள் கேட்டது வேலை. அவர் சொன்ன பதில் உதவி. நீங்கள் கேட்காததை அவர் தந்திருக்கிறார்.

இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லாத ஓட்ட வீராங்கனை ஏமி முல்லின்ஸ், 1998 செப்டெம்பரில் லண்டனில் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மக்குயீனின் ஆடை மேடையில் நடந்தார். மரத்தில் பூவேலை செதுக்கிய கால்கள். பார்த்தவர்களில் பலர் அவற்றை உயரமான சப்பாத்து என்றுதான் நினைத்தார்கள். மேடையே சரிவந்த இடத்தில், சேட்டுக்குப் படமெடுக்கிற கடைக்கு என்ன தடை?

மறுபடி போங்கள், வேறு கடைக்கு. சேட், சேர்வானி, வேட்டிச் சால்வை எல்லாவற்றுக்கும் ஆறடி ஆணைத் தேடி அவர்கள் யாழ்ப்பாணம்வரை போகிறார்கள். நல்ல சேட்டோடு நாலு படம் எடுத்துக்கொண்டு போய், என்ன அளவு, எவ்வளவு கேட்கிறீர்கள் என்று முதலில் அதைக் கதையுங்கள். காலைப் பற்றி வேலைக்குத் தேவையான அளவு சொல்லுங்கள்: களுசான் மாற்ற ஒரு கதிரை வேண்டும், ஒடுங்கிய கால் டெனிம் என்றால் கொஞ்சம் நேரம் பிடிக்கும், சப்பாத்தை அடிக்கடி மாற்ற முடியாது. செயற்கைப் பாதம் ஒரு குதி உயரத்துக்குத்தான் சரிபார்க்கப்பட்டிருக்கும், உயரக் குதிச் சப்பாத்தைப் போட்டால் நிற்கிற விதமே மாறிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கால் படத்தில் தெரிய வேண்டுமா என்பது உங்கள் முடிவு. அரைக் களுசானோடு வெளிப்படையாக நிற்க விரும்பினால் நில்லுங்கள். வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்தக்கூடாது. கால் தெரிகிற படத்தை ஒருவர் விசேடமாகக் கேட்டால், அது எதற்கு, யாருடைய விளம்பரம், எந்த வாசகத்தோடு வரும் என்று கேளுங்கள். எங்கள் ஊரில் எத்தனையோ பேரின் துயரத்தைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள், எங்கே போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. கடைக்கு நிற்கிற மற்றத் தம்பிக்கு என்ன சம்பளமோ அதுதான் உங்களுக்கும். பொன்னாடை போர்த்தி அனுப்பினால் வாங்காதீர்கள்.

மணப்பெண் அலங்காரத்துக்கு ஒரு அழகுக்கலை நிலையம் என்னை வைத்துப் படமெடுத்தது. 2,000 ரூபா தந்தார்கள். இப்போது அதே படம் ஏ9 வீதியில் பெரிய பதாகையாக நிற்கிறது, அதுவும் வேறொரு நகைக்கடையின் பெயரோடு. கேட்டால் "அதுதான் காசு தந்திட்டமே" என்கிறார்கள்.
– ந., கிளிநொச்சி

அந்த 2,000 ரூபா நீங்கள் ஒரு நாள் நின்றதற்கு. படத்தை எங்கே, எவ்வளவு காலம், யார் பாவிக்கலாம் என்பது தனிக் கணக்கு. தன் இணையப் பக்கத்தில் போட என்று வாங்கிய படத்தை ஒருவர் இன்னொரு கடைக்குக் கொடுத்தால், அதற்கு வேறாகக் காசு. வெளியூர்களில் மொடல்களின் பெரிய வருமானமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் பதாகையைத் திகதி தெரியப் படம் பிடியுங்கள். படத்துக்கு நிற்க அழைத்து உங்களுக்கு வந்த வட்ஸ்அப் செய்திகளைத் தேடி எடுங்கள். "எங்கட பேஜ்ல போட" என்று ஒரு வரி இருந்தாலும் அது உங்களுக்குச் சாட்சி. இலத்திரனியல் செய்திகளுக்குச் சட்ட மதிப்புக் கொடுக்கிற சட்டம் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கமாக நம் நாட்டில் இருக்கிறது. பிறகு இரண்டு கடைக்கும் எழுத்தில் கேளுங்கள்: ஒன்றில் எடுத்துவிடுங்கள், அல்லது இவ்வளவு காலத்துக்கு இவ்வளவு தாருங்கள். நகைக்கடைக்காரருக்கு உங்களிடம் கேட்கவில்லை என்பதே தெரியாமல் இருக்கலாம். அசையாவிட்டால் சட்டத்தரணி மூலம் ஒரு கடிதம்.

மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். படத்தின் பதிப்புரிமை பொதுவாக உங்களிடம் இராது, ஆகவே எழுத்தை விட்டால் வேறு பாதுகாப்பு இல்லை. படப்பிடிப்புக்கு முதல்நாள் இப்படி ஒரு செய்தி அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள்: "நாளைக்குக் காலை 7 மணியிலிருந்து 12 மணிவரை. சம்பளம் இவ்வளவு, அன்றைக்கே. படங்கள் உங்கள் கடையின் முகநூலிலும் இன்ஸ்ராகிராமிலும் ஆறு மாதத்துக்கு. பதாகை, பத்திரிகை, வேறு கடை என்றால் என்னிடம் கேட்டு, தனிக் கட்டணம். படத்தைத் திருத்தும்போது முக நிறம் மாற்றக்கூடாது." இதை அனுப்பியதால் வேலை போனால் போகட்டும். அப்படிப் போகிற வேலை கடைசியில் பதாகையாகத்தான் வந்து நிற்கும்.

எனக்கு 56 வயது. நூல் சாறி விற்கிற பிள்ளை ஒருத்தி "அன்ரி, நீங்கள் கட்டினால்தான் இது எடுபடும், படத்துக்கு நில்லுங்கோ" என்கிறாள். நரைமுடி, கண்ணாடி, எல்லாம் இருக்கிறது. இந்த வயதில் சனம் என்ன சொல்லும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒட்டுசுட்டான்

ரீச்சர், நில்லுங்கள். நூல் சாறி வாங்குகிறவர்களில் பாதிப்பேர் உங்கள் வயதுக்காரர். அவர்களுக்கு இருபது வயதுப் பிள்ளையைக் காட்டி என்ன பயன்? நரைக்கு மை பூச வேண்டாம், கண்ணாடியையும் கழற்ற வேண்டாம். கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் பட்டுத் தெறித்தால் நாடியைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், மறைந்துவிடும். சாறியை அவர்கள் கட்டிவிட விடாமல், பள்ளிக்கூடம் போகும்போது கட்டின மாதிரி நீங்களே கட்டுங்கள். அந்தப் பிள்ளை ஒரு சாறியைத் தந்து முடித்துவிடப் பார்ப்பாள். சாறியையும் வாங்குங்கள், சம்பளத்தையும் கேளுங்கள்.